எண்பது மீட்டர்

பாளையங்கோட்டையில் நேர்காணல்.
"உன் பலம் என்ன, பலவீனம் என்ன?"
பலத்துக்குக் கடின உழைப்பு என்றேன்.
பலவீனத்துக்கும், பதற்றத்தில், அதையே.
சிரித்துவிட்டு வேலை கொடுத்தார்கள்.

பணகுடிக்குத் தெற்கே காற்றாலை.
உச்சிமூடியைத் திறந்தால்
மகேந்திரகிரி கைக்கெட்டும் தூரம்.
துரைச்சிங்குக்கு அங்கே குமட்டும்.
எனக்குப் பசிக்கும்.
நட்டு முடுக்கிக்கொண்டே
கடலைமிட்டாய் தின்பேன்.
பயமே இல்லாத சென்மம் என்று
பத்து மாதம் என்னை நம்பியிருந்தேன்.

அவன் இடுப்புக் கயிறு
உரசி உரசிப் பிரிந்திருந்தது.
மாற்றிக் கேட்க ஆபீசுக்குப் போனோம்.
மேனேஜர் நிமிர்ந்தார்:
"என்னடே?"
நின்றது சிமெண்டுத் தரையில்தான்.
முழங்கால் ஆடியது.
"ஒண்ணுமில்ல சார்."

துரைச்சிங் கயிற்றை மேசைமேல் போட்டான்.
"நாளைக்கு இதுல நீங்க ஏறுங்க."

புதுக் கயிறு வந்துவிட்டது.
மேலே அவன் மூக்கருகே
எலுமிச்சம்பழம் நீட்டுவது நான்.
கீழே எனக்கு நீட்ட
அவனிடம் எந்தப் பழமும் இல்லை.

சம்பளம் கூட்டிக் கேட்கும் மனு
மூன்று வாரமாகச் சட்டைப்பையில் வேர்க்கிறது.
நேற்று உச்சியில் நின்று
சத்தமாக வாசித்துப் பார்த்தேன்.
குரல் பிசிறவில்லை.
ஆனிக் காற்று ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டு
கூடங்குளம் பக்கம் போய்விட்டது.