ஏழாவது கேள்வி

'இந்த ஜன்னல் வழியே அவர் எதைப் பார்த்திருப்பார்?'

யார்க்‌ஷயர் மழை.
கயிறு கட்டிய மேசைக்கு இப்பால் நின்று
எக்கிப் பார்த்தேன்.
கார் நிறுத்துமிடம்.
எங்கள் பேருந்தின் படியில் ஓட்டுநர் டெரக்
சாண்ட்விச்சின் ஓரங்களைப் பிய்த்து
ஒரு காகத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.
அதனிடம் ஏதோ சொல்லவும் செய்தார்.

டாம்சின் கையேட்டைப் பார்த்து எழுதினாள்:
குன்று, மூடுபனி, தனிமை.
நான் காகத்தை எழுதினேன்.
'அப்போது டெரக் பிறக்கவே இல்லையே'
என்றார் மிஸ் ப்ரோக்டர், என் தோளுக்கு மேலிருந்து.

காகம் இருந்திருக்குமே என்று
சொல்ல வாயெடுத்தேன்;
அதற்குள் எல்லோரும் அடுத்த அறையில்,
அவருடைய ஒற்றைக் கையுறையைச் சுற்றி.

திரும்பும்போது டெரக்கிடம் கேட்டேன்,
என்ன சொன்னீர்கள் என்று.
'நாலரைக்குக் கிளம்பணும், சீக்கிரம் தின்னு.'

எட்டாவது கேள்விக்குக் கீழே
அதை எழுதிவைத்தேன்.
கேள்வி என்னவென்று பார்க்கவில்லை.