ரொட்டி இருந்தது

ஹாலிஃபாக்ஸ் ஆவணக் கூடத்தில்
பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி.
கையுறையைக் கழற்றி, விரல்களை ஊதிச் சூடேற்றி
மரண விசாரணைப் பேரேட்டைத் திறந்தேன்.
தேடி வந்தது ஒரே ஒரு வினைச்சொல்லை.

ஸ்டார்வ்.

இன்று அது பசி.
மதியச் சாப்பாடு பத்து நிமிடம் தள்ளிப்போனால்
என் மகன் அதைச் சொல்லிக்கொண்டே ஃப்ரிட்ஜைத் திறப்பான்.
ஆயிரம் வருடம் முன்பு அது வெறும் சாவு.
வாளால் செத்தாலும் அதுதான், காய்ச்சலில் செத்தாலும் அதுதான்.
ஜெர்மன்காரர்கள் இன்னும் அந்தச் சொல்லில்தான் சாகிறார்கள்.
அதற்கும் அடியில், வேரில், விறைத்தல் என்கிறார்கள்;
உறுதியில்லையாம்.

பிறகு அந்தச் சொல் நாட்டைப் பாகம் பிரித்துக்கொண்டது.
தெற்கே போனது வயிற்றில் இறங்கியது.
வடக்கே தங்கியது எலும்பில் ஏறியது.
இந்த மலைகளில்
ஸ்டார்வ் என்றால் குளிர்.

1847, ஜனவரி பன்னிரண்டு.
நெசவாளி ஈனாக் சட்கிளிஃப், வயது முப்பத்தொன்பது.
மனைவி டேமர் சொன்ன சாட்சி ஒரு வரி:
"ஸ்டார்வ் ஆகித்தான் போனார், ஐயா."

விசாரணை அதிகாரிக்குச் சொந்த ஊர் கென்ட்.
உணவின்மையால் மரணம் என்று எழுதினார்.
அடுத்த பக்கத்தில் நிவாரண அலுவலரின் ஆட்சேபம்:
மேசைமேல் ஒன்றரை ரொட்டி இருந்தது.
ஆகவே சாட்சி பொய்.
ஆகவே வாரம் மூன்று ஷில்லிங் நிறுத்தம்.

அடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
உடைந்த ஜன்னலில் திணித்திருந்தது மட்டும்
வீட்டுப் பொருட்பட்டியலின் கடைசியில் இருக்கிறது:
சாக்கு, ஒன்று, ஈரம்.

எனக்கு ஆறாதது ஜூரிகள்தான்.
கிரீன்வுட், க்ராஸ்லி, ஆக்ராய்ட், பார்க்கர், மறுபடி ஒரு கிரீன்வுட்...
பன்னிரண்டும் இந்தப் பள்ளத்தாக்குப் பெயர்கள்.
தொட்டிலிலேயே அந்தச் சொல்லைக் கேட்டவர்கள்.
அன்று காலைகூட அதைச் சொல்லித்தான்
கைகளைத் தேய்த்தபடி அந்த அறைக்குள் வந்திருப்பார்கள்.
அதிகாரியின் பேனா தவறான திசையில் கீறியது
அவர்களுக்குக் கேட்டிருக்கும்.
ஜூரித் தலைவர் ஜோசுவா ஷாக்கிள்டன்.
தொழில்: ஆலை நிலக்கரிக் கிடங்கின் கணக்கர்.

எட்டுக் கையெழுத்து.
நான்கு பெருக்கல் குறி.

பக்கத்தின் அடியில், வேறு மையில்,
டேமரை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள்:
"ரொட்டி இருந்தது என்று ஒப்புக்கொள்கிறாள்."

ஒப்புக்கொள்கிறாள்.
இந்த வினைச்சொல்லுக்கு
இன்னொரு நாள் வர வேண்டும்.
மூடும் மணி அடித்துவிட்டார்கள்.