ஆப்பரேட்டர் தூங்கவில்லை

மூன்றாம் தடவையாகப் போனேன்.
முதல் தடவை கதைக்கு,
இரண்டாம் தடவை கப்பலுக்கு,
இந்தத் தடவை அந்த நான்கு நிமிடத்துக்கு மட்டும்.

ஊட்டியில் ஆறு மணிக் காட்சிக்குப் பதினேழு பேர்.
ரெக்சின் கிழிந்த இருக்கைக்குள் ஈரம் ஊறியிருந்தது.
யார் மூச்சுவிட்டாலும்
புரொஜெக்டர் வெளிச்சத்தில் தெரிந்தது:
ஒரு கணம் நெபுலா, அப்புறம் வெறும் மூச்சு.
பக்கத்தில் எட்வின், என் செலவில் வந்தவன்,
குரங்குக் குல்லாயைக் கண்வரை இழுத்து
பூமி மறையும் முன்பே தூங்கிவிட்டான்.

டப்பிங் படம்.
வாயை மூடிய பிறகும்
கேப்டன் தமிழ் பேசிக்கொண்டிருந்தார்.
அதற்கெல்லாம் நான் கோபப்படுவதில்லை.
இரண்டு சூரியன் இருக்கும் கிரகத்தில்
ஆளுக்கு ஒரே நிழல் விழுந்தது.
பார்த்தேன், எண்ணினேன், மன்னித்தேன்.

இடைவேளை முடிந்து இருபதாவது நிமிடம்
மெக்கானிக் பெண் வெளியே போகிறாள்.
அவள் பெயரை ஒரே ஒரு தடவைதான் சொல்கிறார்கள்,
அதுவும் எஞ்சின் இரைச்சலில் சரியாகக் கேட்காது.
ரேடியோ செத்துவிட்டது. கதவு திறக்கவில்லை.
சுத்தியலை ஓங்கிக் கப்பலின் விலாவில் அடிக்கிறாள்.
அடி விழுகிறது.
சத்தம் இல்லை.

இசை இல்லை, மூச்சு இல்லை,
ஸ்பீக்கரின் கொர்கொர்கூட இல்லை.
காற்றே இல்லாத இடத்தில்
சத்தம் எதில் ஏறி வரும்?
யாரோ ஒரு டைரக்டர், எந்த ஊர்க்காரரோ,
பணம் போட்டவர்களோடு
எத்தனை நாள் மல்லுக்கு நின்றிருப்பார்
இந்த ஒன்றுமில்லாததற்காக.

பின்வரிசையில் விசில்.
"டேய் ஆப்பரேட்டர், தூங்கிட்டியா? சவுண்டு வைடா!"
தரையைக் காலால் தட்டினார்கள்.
ஒருவர் வர்க்கியைக் கடித்தார்.
பிரபஞ்சம் முழுக்க அது நொறுங்கியது.
எழுந்து நின்று கத்தினேன்:
"அங்க அப்படித்தாங்க இருக்கும்!"
எங்கே என்று யாரும் கேட்கவில்லை,
உட்காரச் சொன்னார்கள்.
கண்ணில் தண்ணீர்.
குளிர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம்தான் உள்ளே காட்டுகிறார்கள்:
சமையல்காரன் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு
சுவரில் காதை வைக்கிறான்.
டொக். டொக்.
இரும்பில் ஏறி வந்து சேர்ந்திருக்கிறது.
தியேட்டர் பெருமூச்சு விட்டது.
ஸ்பீக்கர் சரியாகிவிட்டதாம்.

ராத்திரி ஒரு மணிக்குக் கேத்தி பாலாடாவில் வேலை.
கேரட் கழுவும் டிரம் சுழல்கிறது.
நான்கு மணிக்கு மேட்டுப்பாளையம் லாரி கிளம்பியாக வேண்டும்.
அந்தக் கப்பலும் இப்படித்தான் சுழன்றது,
உள்ளே இருப்பவர்களுக்கு எடை வேண்டும் என்பதற்காக.
இங்கே உள்ளே இருப்பவைக்கு ஏற்கெனவே எடை உண்டு,
மூட்டைக்கு இவ்வளவு என்று ரேட்டும் உண்டு.
"படம் எப்படி?" என்றார் போஜன் அண்ணன்
சாக்கைத் தைத்தபடி.
"நாலு நிமிஷம் நல்லா இருந்துச்சு."
"மிச்சம்?"
மிச்சத்துக்கு நான் போகவே இல்லை
என்றால் அவருக்குப் புரியுமா.

கரண்ட் போனது.
டிரம் தன்பாட்டில் இரண்டு சுற்று சுற்றி நின்றது.
பல்பு இருந்த இடத்தில் மூடுபனி வந்து உட்கார்ந்தது.
இது அந்த மௌனம் இல்லை, தெரியும்:
குழாய் சொட்டியது,
பீட்ரூட் தோட்டத்தில் காட்டெருமை தும்மியது,
போஜன் அண்ணன் மின்வாரியத்தின்
ஏழு தலைமுறையையும் விசாரித்துக்கொண்டிருந்தார்.
இருந்தும் ஸ்பேனரை எடுத்து
டிரம்மில் இரண்டு தட்டு தட்டினேன்,
சும்மா, கைக்குளிர் போக.

அந்தப் பக்கத்திலிருந்து
டொக். டொக்.

எட்வின்.
படம் முழுக்கத் தூங்கியவன்.
எதுக்குடா தட்டினே என்று கேட்கப் போனேன்,
அதற்குள் ஜெனரேட்டர் உறுமி
கேரட் மறுபடியும் விழ ஆரம்பித்தது.