நாலாவது குவியல்

மாங்குளம் சந்தியிலிருந்து தெற்கே மூன்று கட்டை,
பாலைமரங்கள் முடிகிற இடத்தில் எங்கள் கொட்டகை.
காலை ஆறேகாலுக்கு உழவு இயந்திரம் வரும்.
பெட்டி நிமிரும், ஊர் கொட்டும்:
பூசணித் தோல், பாரைத் தலை,
கலியாண மண்டபத்து வாழையிலை,
பிரித்தே படிக்காத வங்கிக் கடிதம்.

நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கொரு தடி.
ஊறுவது ஒரு குவியல். விலைபோவது ஒரு குவியல்.
கண்ணாடி, ஓடு, உடைசல் மூன்றாவது.
நாலாவதுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

நேற்றுச் சபையில் கூட்டம்.
கணக்குச் சொல்ல என்னையும் கூப்பிட்டார்கள்.
கொழும்பிலிருந்து வந்தவர்
திரையில் ஒரு புகைபோக்கியைக் காட்டினார்.
வானம் நீலம். புகையைக் காணோம்.
எண்ணூற்றைம்பது பாகை, என்றார்.
நூறு கிலோ உள்ளே போனால் இருபது வெளியே வரும்,
அதுவும் வெறும் சாம்பல்.
காணி மிச்சம், காகம் இல்லை, யானை வராது.
யானை என்றதும் உபதவிசாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்,
வைகாசியில் முறிந்தது அவர் மதில்தான்.

அந்த இருபது எங்கே போகும், என்று கேட்டேன்.
பாதுகாப்பான குழி, என்றார்.
குழி என்ற சொல்லுக்கு
இந்தப் பக்கத்தில் நாங்கள்
கொஞ்சம் பொறுத்துத்தான் தலையாட்டுவோம்.

என் கொப்பியில் இருந்தது வேறு கணக்கு.
வருகிற நூறில் அறுபத்தெட்டு ஈரம்.
மாரியில் எழுபத்தைந்து.
ஈரவிறகை ஊதி ஊதிக் கண் எரிந்தவளுக்கு
இதற்குப் பட்டப்படிப்பு வேண்டாம்.
நனைந்த சோறு எரிய டீசல் வேண்டும்.
டீசல் வரிசையில் நின்ற வருடத்தைக்
கால் இன்னும் மறக்கவில்லை.

பிறகு, நெருப்பு.
இதை நான் சபையில் சொல்லவில்லை.
மீளக் குடியேறிய மூன்றாம் கிழமை
தேவசகாயம் அண்ணை வளவு கூட்டிச்
சருகைக் குவித்துக் கொளுத்தினார்.
கீழே என்ன கிடந்ததென்று
சருகுக்கும் தெரியாது.
அன்றிலிருந்து
கிளறிப் பாராமல் நான் எதையும் கொளுத்துவதில்லை.
போன ஆடியில் தயிர்ச்சட்டிக்கும் பழஞ்செருப்புக்கும் நடுவே
துருப்பிடித்த ரவை மூன்று வந்தது.
பொலிசுக்கு அறிவித்துவிட்டு
தள்ளி நின்று தேத்தண்ணி குடித்தோம்.
எண்ணூற்றைம்பது பாகை
அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கும்?

எங்கள் பசளையும் பெரிய வெற்றியில்லை, சொல்லிவிடுகிறேன்.
கிலோ பதினெட்டு ரூபா. மணக்கும்.
கண்ணாடித் துண்டு கிடந்ததென்று
முத்தையன்கட்டுக் கச்சான் தோட்டத்திலிருந்து
இருபது மூட்டை திரும்பி வந்தது.
தவறஞ்சினியின் முகத்தை அன்று பார்க்க முடியவில்லை,
அந்த மூட்டைகளை அரித்தவள் அவள்.
பூசணி மணத்துக்கு யானையும் வரத்தான் செய்கிறது.
விடியப் பார்த்தால் இலத்திக்குள் ஒரு சொப்பிங் பை,
கடையின் பெயர் சிவப்பெழுத்தில்,
இன்னும் வாசிக்கலாம்.

ஆஸ்பத்திரி ஊசிக்கு ஒரு சின்ன அடுப்பு வேண்டும்,
ஒத்துக்கொள்கிறேன்.
இவர் கொண்டுவந்தது சின்ன அடுப்பில்லை.
ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கம்:
நாளுக்கு நாற்பது தொன், குறைந்தால் தண்டம்.
எங்கள் ஊர் போடுவது ஆறு.
மிச்சம் முப்பத்துநாலும்
ஏ-ஒன்பது வீதியால் இரவில் வருமாக்கும்,
யாரோ தின்ற எச்சம்.
நாங்களும் குறைக்கக் கூடாது அப்போது,
அடுப்பு பட்டினி கிடக்கும்.

தீர்மானம் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது.

இன்று ஆறேகாலுக்குப் பெட்டி நிமிர்ந்தது.
முதலில் விழுந்தவை கூட்டத்துத் தேத்தண்ணிக் கோப்பைகள்,
மெழுகு பூசிய கடதாசி, நாற்பத்தொன்று.
கூடவே அவருடைய பிரசுரம்,
அதே நீல வானம், பளபளவென்று.
கடதாசிக் குவியலுக்கென்று கிழித்தேன்.
கிழியவில்லை, இழுபட்டது.
மேலே ஒரு தோல், பிளாஸ்ரிக்.
நகத்தால் உரித்துப் பார்த்தேன்,
வானமும் சேர்ந்து வந்தது.

நாலாவதில் போட்டேன்.