விடுபட்ட வரி

சுண்ணாம்புக் கம்பத்துக்குப் பின்னால்
எருமை கட்டிய சேற்றில் மரத்தூள் கொட்டிக்
கூடாரம் போட்டார்கள்.
பதினோரு நாள் எழுப்புதல் கூட்டம்.
பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கு வந்த ஈசல்
பிரசங்கியாரின் வெள்ளைக் கோட்டில்
சிறகை விட்டுவிட்டுப் போனது.

அவர் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம்.
அவர் கை உயர்த்தினால் நானும் உயர்த்தினேன்.
அவர் அழுதபோதுதான்
எப்படி மொழிபெயர்ப்பதென்று தெரியவில்லை.

முன்வரிசை நாற்காலியில் முனிசிபல் எஞ்சினியர், அவர் மனைவி,
வரிக்கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்தார் மூவர்.
பெஞ்சுகளில்
நாசரேத்து, மெஞ்ஞானபுரம் என்று
ஊரைச் சொல்லிச் சேர்ந்து உட்கார்ந்தவர்கள்.
கயிற்றுக்கு வெளியே, மண்ணில்,
சாக்கடைக் கூலிகள். நெற்றியில் திருநீறு, காதில் பீடி.
ரட்சிப்புக்கு அல்ல, வெளிச்சத்துக்கு வந்தவர்கள்.

ஏழாம் இரவு கங்காணி ஆசீர்பாதம் எழுந்தான்.
தலைப்பாகையைக் கழற்றி மரத்தூளில் வைத்தான்.
"ஒன்பது வருசம்.
ஆளுக்கு, நாளுக்கு, மூணு காசு பிடிச்சேன்.
ஒண்ணு எனக்கு, ரெண்டு டிப்போ துரைக்கு.
செத்தவன் பேரிலும் கூலி வாங்கினோம்.
மருதன் செத்தது பங்குனி.
என் புத்தகத்தில் ஐப்பசி வரைக்கும்
அவன் கால்வாய் தோண்டினான்."

பிரசங்கியார் என் பக்கம் குனிந்தார்: என்ன சொல்கிறான்?
எஞ்சினியர் தொப்பியின் விளிம்பை
விரலால் சுற்றிக்கொண்டிருந்தார்.
எனக்கு மாதம் முப்பத்தைந்து வெள்ளி,
அவருடைய ஆபீசில்.
ஆங்கிலத்தில் சொன்னேன்:
தான் பாவி என்கிறான், ஐயா. மன்னிப்புக் கேட்கிறான்.
அல்லேலூயா என்றார்.
எஞ்சினியர் மனைவி கைக்குட்டை எடுத்தாள்.

கயிற்றுக்கு வெளியே இருந்தவர்களுக்கு
நான் தேவைப்படவில்லை.

ஆசீர்பாதம் சைக்கிளை விற்றான்.
மனைவியின் சங்கிலியை விற்றான்.
லயத்து வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து
தன் பங்கை எண்ணி எண்ணிக் கொடுத்தான்.
சிலர் கும்பிட்டு வாங்கினார்கள்.
ஒருவன் முகத்தில் துப்பிவிட்டு வாங்கினான்.
மருதன் பெண்சாதி கறுத்தம்மா கை நீட்டவில்லை.
"மீதி ரெண்டு?" என்றாள்.

வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கேள்வி
தஞ்சோங் பகார் வரை நடந்துவிட்டது.
மனந்திரும்புதல் தனி ஆளின் காரியம்,
டிப்போவின் காரியமல்ல என்றார் போதகர்.
அவளுக்கு ஞானஸ்நானம் வேண்டாம்,
வார்த்தை மட்டும் போதுமாயிருந்தது:
மனசு திரும்பினா காசும் திரும்பணுமில்ல?
கங்காணி எழுந்து நிக்கலாம்னா
டிப்போவுக்கு மட்டும் முட்டி மடங்காதா?

பிரசங்கியார் பினாங்குக்குக் கப்பலேறினார்.
நூற்று நாற்பது ஆத்துமாக்கள் என்று
அறிக்கையில் எழுதச் சொன்னார்; எழுதினேன்.
கூடாரம் அவிழ்த்த இடத்தில்
மரத்தூள் காய்வதற்குள் கூலிகள் கூடினார்கள்.
பாட்டு இல்லை, ஜெபம் இல்லை.
முறை மட்டும் அதே முறை:
ஒருவர் எழுந்தார், பேரைச் சொன்னார்,
பிடித்த தொகையைச் சொன்னார், உட்கார்ந்தார்.
சாட்சி சொல்ல எங்களிடம்தான் கற்றிருந்தார்கள்.

மூன்றாம் வாரம் நகரம் நாறியது.
மண்வெட்டிகள் சுவரோரம் சாய்ந்து நின்றன.

கறுத்தம்மா என் வீட்டுக்கு வந்தாள்.
"மனு. இங்கிலீசில் எழுதித் தா.
இந்தத் தடவை வரி விடாமே."

எழுதினேன். டிப்போ துரையின் பெயர் வரும் இடத்தில்
பேனா நின்றது.
விளக்கடியில் ஈசல்.
பிறகு எழுதினேன்.
கீழே அறுபத்திரண்டு கட்டைவிரல்.

போலீஸ் அதிகாரி கேட்டார்:
இது மதமா, அரசியலா?
கணக்கு, ஐயா, என்றேன்.
முப்பத்தைந்து வெள்ளி அந்த மாதத்தோடு நின்றது.

இரண்டு காசில் அரைக் காசு திரும்பியது என்கிறார்கள்.
ஒன்றும் திரும்பவில்லை என்கிறார்கள்.
ஆசீர்பாதம் ரொச்சோர் கால்வாயோரம்
கச்சாங் பூத்தே விற்கிறான்.
பொட்டலம் கட்டப் பழைய கூலிப் புத்தகத்தைக் கிழிக்கிறான்.
நேற்று என் கையிலிருந்த கடலைக்கடியில்
எண்ணெய் ஊறிய தாளில்
மருதன்
இன்னும் தோண்டிக்கொண்டிருந்தான், ஐப்பசி பதினாலு.