பூஜ்யம் விழும் இடம்

ஓலு. மைனஸ் இருபத்தொன்று.
உறைந்த கடல்மேல் மூவரை நிறுத்தியிருந்தோம்:
தூண்டில் துளையருகே வெய்யோ,
தீவுக்குப் போகும் பேருந்தில் ரைலி,
பனிச்சறுக்கில் இன்கெரி.
கரையில் எட்டு ஆன்டெனா.
அலைவரிசை ஒன்றுதான்.

ஒரே உறையில் மூன்று கத்தியா என்றார் ஆர்வோ,
கையுறைக்குள் ஊதிக்கொண்டே.

முறைவைத்துப் பேசினால் சுலபம்.
காத்திருக்கத்தான் யாருமில்லை.
மூவருக்கும் ஒரே நொடியில் அனுப்பினேன்.
வெய்யோவின் சொல் வெய்யோவிடம் குவிய வேண்டும்;
மற்ற இருவரும் இருக்கும் இடத்தில்
அலையின் மேட்டை அலையின் பள்ளம் தின்று
ஒன்றுமில்லாமல் போக வேண்டும்.

அந்த ஒன்றுமில்லாததைத்தான்
நான்கு மாதம் அணி அணியாக எழுதி
அழித்து எழுதினேன்.
பேசவைக்க ஒரு வாரம் போதுமாயிருந்தது.

பத்தே முக்காலுக்கு
இன்கெரி குனிந்தாள்.
காலணிக் கொக்கி கழன்றிருந்தது,
அவ்வளவுதான்.

நான் அறிந்த இன்கெரி
நாற்பது மில்லிநொடி பழையவள்.
அவளுக்காக வைத்த பூஜ்யம்
நாலு விரல் உயரே
ஆளில்லாமல் நின்றது.
கீழே, அவள் காதில்
வெய்யோவின் வானிலை அறிக்கை,
சொல்லாக இல்லை,
மணலை மெல்லுவதுபோல.

திரையில் பிழைக்கோடு செங்குத்தாக ஏறியது.
வெய்யோ ஒரு மீனைத் தூக்கிக் காட்டினான்.

இன்றிரவு திருத்துகிறேன்.
பூஜ்யம் இன்னும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும்,
குனிந்து நிமிர இடம் வேண்டாமா மனுஷிக்கு?

இதனால் ரைலிக்கு அரை டெசிபெல் நஷ்டம்.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.