மூன்று சுழி

வருடக் கடைசி. பொருட்கணக்கு.
மட்டக்களப்பு, சபைக் களஞ்சியம், தீயணைப்புப் பகுதி.
புத்தகத்தில் தொப்பிச் சின்னம் பதினான்கு.
பிஸ்கற் ரின்னுக்குள் பதின்மூன்று.
"திரும்ப எண்ணுங்க மிஸ்" என்கிறார் இஸ்ஸதீன்,
தண்ணீர் பவுசரின் சாரதி,
எண்ண எண்ணக் கூடும் என்பதுபோல.

மேசையில் பரப்புகிறேன்.
வாவிக் காற்று சன்னலால் வந்து
தாள்களை மட்டும் புரட்டுகிறது.
பித்தளையோடு அதற்கு அலுவல் இல்லை.

எட்டு முனை நட்சத்திரம்.
நடுவில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடரி.
உச்சியில் ஒன்றுமில்லை.
விரலால் தடவினால் தெரிகிறது
அரம் போன வழி.
ராணியின் முடி இருந்த இடம்.
புதுச் சின்னம் கொழும்பிலிருந்து வரும் வரும் என்று
இரண்டு வருடம் பார்த்துவிட்டு
பல்தசார் என்ற பறங்கி பிற்றர்
ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்
ஒன்பது முடிகளை இறக்கினாராம்.
மேசைக்கடியில் ஒரு சிட்டிகைத் தூள்,
அதையும் அன்றே கூட்டிவிட்டார்கள்.
பத்தாவதை ஏன் விட்டாரோ.
அது இங்கே கிடக்கிறது, முடியோடு,
பின்னூசி மட்டும் உடைந்து.

பிறகு வந்தது சபை கீறியது:
ஒரே வட்டத்துள் மீனும் சுவாலையும்.
மீன் மேலே, சுவாலை கீழே.
போட்டவர்களே அதற்குச் சுட்டமீன் என்று பேர் வைத்தார்கள்.
அதிலொன்றின் விளிம்பு முழுக்கக் கறுப்பு நூல்.

"இது என்ன?"

"பிரச்சினைக் காலம் மிஸ்.
தலையில மினுங்கினா
ஒரு பக்கம் ஆமி எண்டு நினைக்கும்,
மத்தப் பக்கம் வேற எண்டு நினைக்கும்.
கோடரியா துவக்கா எண்டு
கிட்ட வந்து பாத்திட்டா சுடுவான்?
கறுத்தத் துணி வச்சுத் தச்சம்.
சென்றியில தூக்கிக் காட்டுவம்,
தாண்டினா இறக்குவம்.
மறுகா அடுத்த சென்றி.
அதுவரைக்கும் வீடு எரிஞ்சிக்கிட்டிருக்கும்."

கடைசியில் அலுமினியம்.
மூன்று மொழி. மற்ற இரண்டும் சரி.
தமிழில் மட்டும் 'தீயனைப்பு'.
வார்த்தவனுக்கு ஆளுக்கொரு சுழி மிச்சம்.

அணைப்பது என்றால் அவிப்பது.
அணைப்பது என்றால் நெஞ்சோடு சேர்ப்பது.
எதைச் செய்வதானாலும் மூன்று சுழி வேண்டும்.
கிருபைரெத்தினம் என்பவர்
புடவைக்கடை எரிந்த இரவு
மேல்மாடியிலிருந்து ஒரு பெண்ணை
நனைந்த சாக்கோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு
ஏணியால் இறங்கினார் என்று
பழைய பதிவேட்டில் இரண்டு வரி இருக்கிறது.
நெற்றியில் அப்போதும் இரண்டு சுழிதான்.

ஆறு வாங்கியது. ஐந்து இருக்கிறது.
நான் நிமிர்ந்து பார்க்க
இஸ்ஸதீன் பவுசரின் டயரைப் பார்க்கிறார்.

"அவர் பென்சன் போகக்குள்ள
குடுக்க மறந்திட்டார்.
மையத்துக்குப் போன இடத்தில
பொஞ்சாதி எடுத்துத் தந்தா.
நான்தான் பெட்டிக்குள்ள சேட்டில குத்தினன்.
குத்த முந்தி
ஆணியால ஒரு வளைவு கீறினன் மிஸ்.
வடிவா வரல்ல."

விதிக்கோவையில் இதற்குப் பகுதி இல்லை.
பழுது, கழிவு, களவு, இழப்பு.
இழப்பு என்று எழுதினேன்.
பெறுமதி ரூபா நூற்றெண்பத்தேழு சதம் ஐம்பது,
பொறுப்பாளியிடம் அறவிடப்பட வேண்டும்.
வாசித்துக் காட்டினேன், அதுதான் முறை.

அவர் சேட்டுப் பையிலிருந்து
இரண்டு நூறு ரூபாத் தாளை எடுத்து
ரின் மூடியில் வைத்தார்.
மிச்சம் கொடுக்க என்னிடம் சில்லறை இல்லை.
"பறவால்ல, கணக்கில கிடக்கட்டும்."

பற்றுச்சீட்டில் பகுதியின் பெயர் எழுதவேண்டும்.
தீ, ய.
பிறகு பேனையை மெதுவாகச் சுற்றினேன்,
ஒன்று,
இரண்டு,
அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.